டூலிட்டில் தாக்குதலில் பறந்த 80 பேருக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேட்கப்பட்ட கேள்வி இது: "1942-இல் டோக்கியோ மீது குண்டு போட்ட டூலிட்டில் குழுவினருக்காக வெள்ளிக் கோப்பைகளை வைத்துப் பல வருஷம் ஒரு சடங்கு நடந்ததாமே, அது என்ன? 16 விமானங்கள் போய் வந்த சின்னத் தாக்குதல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?"

முதலில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். "போய் வந்த" தாக்குதல் இல்லை அது. போன 16 அமெரிக்க விமானங்களில் ஒன்றுகூடக் கிளம்பிய கப்பலுக்குத் திரும்பவில்லை. திரும்ப முடியாது என்பது கிளம்பும்போதே அதில் ஏறிய ஒவ்வொருவருக்கும் தெரியும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

கோப்பை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1959-இல் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரம் இந்தக் குழுவுக்கு 80 வெள்ளிக் கோப்பைகளைப் பரிசாகக் கொடுத்தது. ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்த வீரரின் பெயர் இரண்டு முறை பொறிக்கப்பட்டிருக்கும்: ஒரு முறை நேராக, ஒரு முறை தலைகீழாக. உயிரோடு இருப்பவரின் கோப்பை நிமிர்ந்து நிற்கும். அவர் இறந்ததும், அடுத்து எல்லோரும் கூடும்போது அதை எடுத்துக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்த பிறகும் பெயர் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்த இரண்டாவது பொறிப்பு. கூடவே ஒரு பாட்டில் ஹென்னசி கான்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தி, 1896-ஆம் வருஷத்துச் சரக்கு. குழுவின் தலைவர் ஜிம்மி டூலிட்டில் பிறந்த வருஷம் அது. கடைசியாக எஞ்சும் இருவர் அந்தப் பாட்டிலைத் திறந்து, போன 78 பேருக்காகக் குடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இனி அவர்கள் செய்த காரியம்.

1941 டிசம்பர் 7-ஆம் தேதி அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அடுத்த சில மாதங்களில் ஹாங்காங், மணிலா, சிங்கப்பூர், ரங்கூன் எல்லாம் வரிசையாக விழுந்தன. ஜப்பானை எப்படியாவது திருப்பி அடிக்க வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் தளபதிகளை நச்சரித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து அடிப்பது? ஜப்பானுக்கு எட்டும் தூரத்தில் அமெரிக்காவுக்கு விமானத் தளம் கிடையாது. விமானந்தாங்கிக் கப்பலில் இருக்கும் சிறிய விமானங்கள் அதிக தூரம் பறக்காது. அவற்றை அனுப்ப வேண்டுமென்றால் கப்பலே ஜப்பானின் வாசலுக்குப் போயாக வேண்டும்.

வழி சொன்னவர் விமானியே அல்ல, ஃபிரான்சிஸ் லோ என்ற நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. 1942 ஜனவரியில் நார்ஃபோக் விமானத் தளத்தில், பயிற்சிக்காக ஓடுபாதை மேல் கப்பல் தளத்தின் உருவத்தை வரைந்து வைத்திருந்ததைப் பார்த்தார். அதன் மேல் ராணுவத்தின் இரட்டை இன்ஜின் விமானங்கள் தாழப் பறந்து போயின. ராணுவக் குண்டுவீச்சு விமானத்தைக் கப்பலிலிருந்தே கிளப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தேர்வானது பி-25. கப்பல் தளத்திலிருந்து அது தட்டுத் தடுமாறியாவது எழும்பிவிடும், ஆனால் திரும்ப அங்கே இறங்க முடியாது. ஆகவே குண்டு போட்டுவிட்டு நேராகச் சீனாவுக்குப் பறந்து அங்கே இறங்கிவிட வேண்டும்.

பொறுப்பை ஏற்ற லெப்டினன்ட் கர்னல் டூலிட்டிலுக்கு அப்போது 45 வயது. ஆபத்தான சாகசம் செய்யும் விமானி என்றுதான் வெளியில் பெயர். ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் விமானவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1929-இலேயே வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஒரு விமானத்தைக் கிளப்பி இறக்கிக் காட்டியவர். இந்தத் திட்டத்திலும் அவருடைய கணக்கு தெரிகிறது. 646 கேலன் எரிபொருள் பிடிக்கும் விமானத்தில் கூடுதல் தொட்டிகளைச் செருகி 1,141 கேலன் ஆக்கினார்கள். அதில் 50 கேலன், பின்பக்கம் அடுக்கிய பத்து டின்களில் இருந்தது. பறக்கும்போது ஒருவர் உட்கார்ந்து கையால் ஊற்ற வேண்டும். எடையைக் குறைக்க அடிப்பக்கத் துப்பாக்கியைக் கழற்றினார்கள். வால் பக்கம் துப்பாக்கியே இல்லாததால், எதிரியை ஏமாற்ற விளக்குமாற்றுக் கட்டைகளுக்குக் கறுப்பு வண்ணம் அடித்துச் செருகி வைத்தார்கள். விலை உயர்ந்த ரகசியக் குறிபார்க்கும் கருவி ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அதையும் எடுத்துவிட்டு, சில சென்ட் பெறுமான இரண்டு அலுமினியத் தகடுகளால் செய்த எளிய கருவியை மாட்டினார்கள். தாழப் பறந்து குண்டு போட அதுவே போதும்.

எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள். ஆபத்தான வேலை என்று மட்டும் சொல்லித்தான் கேட்டார்கள், எங்கே என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பையன்கள். ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் மார்ச் மாதம் பயிற்சி நடந்தது, அதுவும் தரையில்தான். கப்பல் தளத்திலிருந்து விமானத்தைக் கிளப்பிய அனுபவம் அந்த 16 விமானிகளில் ஒருவருக்குக்கூட இல்லை, டூலிட்டில் உட்பட.

ஏப்ரல் 2-ஆம் தேதி ஹார்னெட் என்ற கப்பல் இந்த 16 விமானங்களையும் தளத்தில் கட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியது. அந்த வாரங்களில் நம் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு: ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9: திருகோணமலை. அன்றைக்கே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. மதராஸ்வாசிகள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். ஜப்பானை யாராலும் தொட முடியாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. நகுமோவின் அந்தக் கப்பல்கள் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், தைவான் அருகே வந்தபோதுதான் டோக்கியோ மீது குண்டு விழுந்த செய்தி அவர்களுக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்க உத்தரவு வந்தது, ஆனால் பிடிக்க முடியவில்லை. "சின்னத் தாக்குதல்" என்று சொல்லுமுன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஏப்ரல் 18 காலை 7.38-க்குத் திட்டம் குலைந்தது. நிட்டோ மாரு என்ற ஜப்பானியக் காவல் படகு கப்பல்களைப் பார்த்துவிட்டுத் தகவல் அனுப்பிவிட்டது. படகை மூழ்கடித்தார்கள், ஆனால் செய்தி போய்விட்டது. இன்னும் பத்து மணி நேரம் பயணம் செய்து, கரையை நெருங்கிய பிறகுதான் விமானங்களைக் கிளப்புவதாக இருந்தார்கள். இப்போது ஜப்பான் சுமார் 650 கடல் மைல் தள்ளி இருந்தது, திட்டமிட்டதைவிட ஏறக்குறைய 170 கடல் மைல் அதிகம். சீனா வரைக்கும் எரிபொருள் வராது என்பது அந்தக் கணமே கணக்குப் போடத் தெரிந்த எல்லோருக்கும் புரிந்தது. யாரும் பின்வாங்கவில்லை.

அந்தக் கிளம்பலைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். புயல் கடல், அலை தளத்தின் மேலேயே வந்து அடிக்கிறது. தளத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகள், ஒன்று முன் சக்கரத்துக்கு, இன்னொன்று இடது சக்கரத்துக்கு. கோட்டின் மேல் சரியாக ஓடினால், வலது இறக்கையின் நுனிக்கும் கப்பலின் கோபுரத்துக்கும் இடையில் ஆறடி இடைவெளி இருக்கும். கோடு தப்பினால் மோதல்தான். கொடி பிடித்த அதிகாரி அலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கப்பலின் முன்பகுதி தாழும்போது அவர் கொடி அசைத்தால், விமானம் முனைக்கு வரும் நேரத்தில் அது மேலே எழும்பியிருக்கும். முதல் விமானம் டூலிட்டிலுடையது. பின்னால் 15 விமானங்கள் நின்றதால் அவருக்குத்தான் இடம் மிகக் குறைவு, 467 அடி. 8.20-க்கு அவர் எழும்பினார். அவரால் முடிந்தால் பின்னால் நிற்பவர்களாலும் முடியும் என்பது அதிலேயே நிரூபணம் ஆகிவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மற்ற 15 விமானங்களும் கிளம்பிவிட்டன. கடைசி விமானத்தைத் தள்ளிவிட உதவிய கப்பல் மாலுமி ஒருவர் சறுக்கி விழுந்து, காற்றாடியில் சிக்கி ஒரு கையை இழந்தார். அவர் பெயர் கோப்பையில் இல்லை.

குண்டு போட்டது சில நிமிஷ வேலை. டோக்கியோ, யோகஹாமா, யோகோசுகா, நகோயா, கோபே போன்ற இடங்களில் விழுந்தது. ராணுவ ரீதியில் பார்த்தால் சேதம் அற்பம், அதை மறைக்கத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பொதுமக்களும் இறந்தார்கள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஜப்பானியத் தலைமைக்கு விழுந்த அடி வேறு. தலைநகரையும் சக்கரவர்த்தியையும் காக்கத் தவறியது அவர்களுக்குத் தாங்க முடியாத அவமானம். அமெரிக்கர் கையில் இருந்த மிட்வே தீவைத் தாக்கும் ஜப்பானியக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் திட்டத்துக்கு அதுவரை இருந்த எதிர்ப்பு அடங்கிப்போனது. ஜூன் மாதம் அதே மிட்வேயில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றில் மூன்று, அகாகி, சோர்யூ, ஹிர்யூ, இலங்கையைத் தாக்கியவை.

விமானங்களில் ஒன்று எரிபொருள் போதாமல் சோவியத் பக்கம், விளாடிவாஸ்டாக் அருகே போய் இறங்கியது. அந்த ஐவரையும் அங்கே சிறைப்பிடித்து வைத்திருந்தார்கள், ஒரு வருஷம் கழித்து ஈரான் வழியாகத்தான் வெளியே வந்தார்கள். மற்ற 15-ஐயும் பின்பக்கமாக வீசிய காற்று சீனக் கரை வரை தள்ளிவிட்டது. அந்தக் காற்று மட்டும் இல்லையென்றால் பெரும்பாலோர் கடலில்தான் விழுந்திருப்பார்கள். இருட்டு, மழை. வழிகாட்ட வேண்டிய ரேடியோ சமிக்ஞை எதுவும் இல்லை. சிலர் கரையோரத்திலும் கடலிலும் விமானத்தை இறக்கினார்கள், மற்றவர்கள் இருட்டில் பாராசூட்டோடு குதித்தார்கள். டெட் லாசனின் விமானம் கடற்கரை ஓரத் தண்ணீரில் மோதியது. நான்கு பேருக்குப் படுகாயம். நடக்கும் நிலையில் இருந்தவர் 20 வயது டேவிட் தாட்சர் மட்டும்தான். உள்ளூர் மீனவர்களையும் விவசாயிகளையும் திரட்டி, நான்கு பேரையும் தூக்கிக்கொண்டு ஜப்பானியர் கண்ணில் படாமல் மருத்துவரிடம் சேர்த்தார். லாசனின் காலை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தவர், 15-ஆவது விமானத்தில் துப்பாக்கி வீரராகவும் பறந்த ராணுவ மருத்துவர் தாமஸ் வைட்.

டூலிட்டில் ஒரு நெல் வயலில் வந்து விழுந்தார். மறுநாள் நொறுங்கிக் கிடந்த தன் விமானத்தின் இறக்கை அருகே உட்கார்ந்து, எல்லாம் போச்சு, இனி ராணுவ விசாரணைதான் என்று மனம் உடைந்துபோயிருந்தார். அவருடைய மெக்கானிக் பால் லியோனார்ட் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லை, உங்களுக்கு உயர்ந்த பதக்கம் கொடுப்பார்கள், பதவி உயர்வும் கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னார். அது அப்படியே பலித்தது. லியோனார்ட் 1943 ஜனவரியில் வட ஆப்பிரிக்காவில் குண்டுவீச்சில் இறந்தார். இந்த இருவரும் அந்த இறக்கை அருகே இருந்ததை நினைக்காமல் என்னால் இந்தக் கதையைச் சொல்ல முடிந்ததே இல்லை.

அன்றிரவே மூன்று பேர் இறந்தார்கள்: ஒருவர் பாராசூட்டோடு குதித்தபோது, இருவர் கடலில் மூழ்கி. எட்டுப் பேர் ஜப்பானியரிடம் சிக்கினார்கள். போலி விசாரணை நடந்து எட்டுப் பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1942 அக்டோபர் 15-ஆம் தேதி ஷாங்காயில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் டீன் ஹால்மார்க், வில்லியம் ஃபாரோ, ஹெரால்ட் ஸ்பாட்ஸ் மூவரையும் சுட்டார்கள். அதற்கு முன் வீட்டுக்குக் கடிதம் எழுதவிட்டார்கள். எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் அனுப்பப்படவேயில்லை, போர் முடிந்த பிறகு ஜப்பானிய அரசுக் கோப்புகளில் கிடைத்தன. நான்காமவர் ராபர்ட் மீடர் 1943 டிசம்பரில் சிறையிலேயே பட்டினியிலும் பெரிபெரி நோயிலும் இறந்தார். மற்ற நால்வரும் 40 மாதம், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறையில், இருந்து 1945 ஆகஸ்டில் வெளியே வந்தார்கள்.

தப்பித்தவர்கள் வீட்டுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு உட்காரவில்லை. 28 பேர் இந்தியா, பர்மா, சீனப் போர்முனையிலேயே தங்கித் தொடர்ந்து பறந்தார்கள். டூலிட்டிலின் துணை விமானி டிக் கோல் இமயமலைக்கு மேலாகச் சீனாவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவர்களில் ஒருவர். போர் முடிவதற்குள் இந்தக் குழுவில் இன்னும் பலர் வெவ்வேறு முனைகளில் உயிர்விட்டார்கள். ஆகவே கோப்பைகள் கைக்கு வந்த 1959-லேயே அவற்றில் பல கவிழ்ந்துதான் இருந்தன.

பத்திரமாகத் திரும்பினால் ஒரு விருந்து வைக்கிறேன் என்று டூலிட்டில் கப்பலில் சொல்லியிருந்தார். 1945 டிசம்பரில் மயாமியில் அந்த விருந்தை வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் வருஷா வருஷம் ஏப்ரலில் கூடும் பழக்கம். மற்ற நிகழ்ச்சிகளுக்குப் பொதுமக்கள் வர முடிந்தது, கோப்பைச் சடங்கில் மட்டும் அந்தக் குழுவினர்தான் இருந்தார்கள். தளபதி, சிப்பாய் என்ற பேதம் கோப்பையில் கிடையாது. டூலிட்டில் 1993-இல் இறந்தபோது அவருடையதையும் மற்றவர்களுடையதைப் போலவே கவிழ்த்தார்கள்.

கடைசி இருவர் என்று காத்திருந்தால் பாட்டிலைத் திறக்கத் தெம்பு இருக்குமோ என்னவோ என்று 2013-இல் நால்வர் மிச்சம் இருந்தபோதே முடிவெடுத்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி ஓஹையோவில், டேட்டன் நகரத்து விமானப்படை அருங்காட்சியகத்தில் கூடினார்கள். டிக் கோல், எட் சேய்லர், டேவிட் தாட்சர் மூவரும் வந்தார்கள். ராபர்ட் ஹைட்டால் உடல்நிலை காரணமாக வர முடியவில்லை. 80 பெயர்களும் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. உயிரோடு இருந்த மூவரும் தங்கள் பெயர் வந்தபோது மட்டும், வகுப்பில் வருகைப் பதிவுக்குச் சொல்வதைப் போல, "இருக்கிறேன்" என்றார்கள். மற்ற பெயர்களுக்குப் பதில் இல்லை. பிறகு 98 வயது கோல் அந்த 1896-ஆம் வருஷத்துப் பாட்டிலைத் திறந்தார். தாக்குதலில் இழந்தவர்களுக்கும் அதன் பிறகு போனவர்களுக்கும் என்று ரெண்டே வரி சொன்னார், குடித்தார்கள். சேய்லரும் ஹைட்டும் 2015-இல், தாட்சர் 2016-இல் போனார்கள். 2019 ஏப்ரல் 9-ஆம் தேதி, தன் 103-ஆவது வயதில் கோல் இறந்தார். கடைசிக் கோப்பையும் கவிழ்ந்தது.

இந்த நினைவேந்தலில் எனக்கு ஒரு குறை உண்டு. கோப்பை இல்லாதவர்கள் மிக அதிகம். கரையோர ஜெஜியாங், அதை அடுத்த ஜியாங்சி மாகாணங்களின் கிராமத்தார் இந்த வீரர்களை ஒளித்துவைத்தார்கள், தங்களுக்கே இல்லாத சோற்றைக் கொடுத்தார்கள், காயம்பட்டவர்களை மலை தாண்டி தோளில் சுமந்தார்கள். வேறு எதுவும் கொடுக்க முடியாத வீரர்கள் நன்றியாகக் கையுறை, நாணயம், சிகரெட் பெட்டி, பாராசூட் துணி என்று கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மே மாதம் ஜப்பானியப் படை பழிவாங்க வந்தபோது அந்தப் பொருட்களே சாட்சியாகிவிட்டன. யார் வீட்டில் கிடைத்ததோ அந்தக் குடும்பத்துக்கு மரணம். ஊர் ஊராக எரித்தார்கள், கிணறுகளில் நோய்க்கிருமி கலந்தார்கள். நான்கு மாதம் நடந்த அந்தப் படையெடுப்பில் இறந்த சீனர்கள் 2,50,000 பேர் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தாக்குதல் திட்டத்தைச் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கிடம் அமெரிக்கா முழுதாகச் சொல்லக்கூட இல்லை. அந்த 80 பேருக்கு இது தெரியாமல் இல்லை. உதவிய சீனர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தங்கள் கூட்டங்களுக்கு அழைத்தார்கள். ஜெஜியாங் மாகாணத்துச் சூஜோ (Quzhou) நகரில் இப்போது ஒரு நினைவகம் இருக்கிறது. டூலிட்டில் குழுவைப் பற்றி யார் எழுதினாலும் இந்தப் பக்கத்தைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்: ஜேக்கப் டிஷேஸர். 16-ஆவது விமானத்திலிருந்து நகோயா மீது குண்டு போட்டவர், 40 மாதம் சிறையில் இருந்த நால்வரில் ஒருவர். 1944-இல் சிறையில் மூன்று வாரத்துக்கு ஒரு பைபிள் கையில் கிடைத்தது, மனம் மாறினார். 1948-இல் ஜப்பானுக்கே திரும்பிப் போனார், இந்த முறை மிஷனரியாக. தன் சிறை அனுபவத்தைச் சின்னத் துண்டுப் பிரசுரமாக எழுதியிருந்தார். அது டோக்கியோ ரயில் நிலையம் ஒன்றின் வாசலில் மிட்சுவோ ஃபூச்சிடா என்பவர் கைக்குப் போனது. பேர்ல் ஹார்பர் மீது பாய்ந்த முதல் அலையை நடத்திய அதே ஃபூச்சிடா. கொழும்பு மீதும் விமானங்களை அழைத்து வந்தவர் அவர்தான். அவரும் கிறிஸ்தவரானார், 1950-இல் இருவரும் சந்தித்தார்கள், பல மேடைகளில் சேர்ந்து பேசினார்கள். 1959-இல் டிஷேஸர் நகோயாவுக்கே குடிபோய், தான் குண்டு போட்ட ஊரில் ஒரு சபையைத் தொடங்கினார். மதம் மாறியதை விடுங்கள், அந்த ஊருக்கே போய் வாழ ஒரு மனிதருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! கப்பலிலிருந்து கிளம்பியதைவிட இதுதான் பெரிய துணிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

கோப்பைகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் டேட்டன் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும், நுழைவு இலவசம். 80-உம் கவிழ்ந்துதான் இருக்கும். ஆனால் படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டியதில்லை, எல்லாப் பெயரும் நேராகவே தெரியும். ஹால்மார்க், ஃபாரோ, ஸ்பாட்ஸ், மீடர் நால்வரின் பெயர்களையும் தேடிப் பாருங்கள், அப்படியே பால் லியோனார்டின் பெயரையும்.